பின்பக்கத்து நான்கு போல்ட்டுகள்

ஜூன் 5

அன்புள்ள சித்திக்கு,

இங்கே மூவரும் நலம். உங்கள் குதிகால் வலி குறைந்ததா? நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற வேலையில் முதலில் கோபித்துக்கொள்வது குதிகால்தான் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். அம்மாவின் போன் சுவரில் பட்டு உடைந்துவிட்டது. சுவர் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. போன்தான் அவ்வளவு தூரம் போய்ப் பட்டது.

துணி துவைக்கும் மெஷினும் போய்விட்டது. சுற்றும்போது தண்ணீர் ஒழுகியது. அப்பா மூன்று முறை உதைத்தார். மூன்றாவது உதையில் கதவு கழன்று விழுந்தது. புதிது வாங்குவது என்று முடிவாகி, சனிக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். மொத்தம் நாற்பத்தாறு மெஷின்கள், நான் எண்ணிப் பார்த்தேன். மேலே திறப்பது, முன்னால் திறப்பது, ஆறு கிலோ, ஆறரை, ஏழு, எட்டு. கம்பளிக்கு ஒரு பொத்தான், குழந்தைத் துணிக்கு ஒரு பொத்தான். வேலை முடிந்ததும் பாட்டுப் பாடுவதுகூட இருந்தது. இருபதாவதைத் தாண்டியதும் எல்லாம் ஒரே வெள்ளைச் சதுரமாகத் தெரிய ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியும். எதை வாங்கினாலும், விரல் நீட்டிக் காட்டியவரே அதற்குப் பொறுப்பு. அப்பா விரல் நீட்டமாட்டார். தொழிற்சாலையில் போல்ட்டுகளைச் சோதித்து, சரியில்லாததற்குச் சிவப்புப் பெயின்ட் வைத்து ஒதுக்குபவர் அல்லவா? செய்பவர் வேறு, சோதிப்பவர் வேறு என்பது அவருடைய கொள்கை. மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாமே அம்மா காட்டியவை. எல்லாவற்றிலும் அப்பா ஒரு குறையைக் கண்டுபிடித்தார். இஸ்திரிப் பெட்டி வாங்கிய வருடம் கோடையிலும் அம்மா நீளக் கை வைத்த உடைதான் போட்டாள், நினைவிருக்கிறதா?

இந்த முறை குறையே வரக்கூடாது. நீங்கள் மெஷின் விற்பவர். எது கெடவே கெடாது என்று எழுதுங்கள். அம்மாவிடம் நான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை விட அதிகம் நடந்துகொண்டிருக்கும்,
முட்டைக்கண்ணி


ஜூன் 13

என் செல்ல முட்டைக்கண்ணிக்கு,

குதிகால் அப்படியேதான் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா, இல்லை புத்தகத்தையே மென்றுகொண்டிருக்கிறாயா?

ஒரு ரகசியம் சொல்கிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்னைப் பிரிட்ஜுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அந்த நாற்பத்தாறில் பாதிக்கு உள்ளே இருப்பது ஒரே மோட்டார்தான். மேலே ஒட்டியிருக்கும் பெயரும் பொத்தான்களும் மட்டும்தான் வேறு. கெடாத மெஷின் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஐந்தாவது மெஷினில் குழம்பி, பத்தாவதில் சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். போன வாரம் தள்ளுபடி நாளில் ஒரே ஓவனை இரண்டு பேர் பிடித்து இழுத்து, ஒருவருக்குப் பல் போனது. ஓவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

எதையாவது வாங்குங்கள். மெஷினைப் பொருத்திக்கொடுக்க வரும் கடை ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அக்காவை இரண்டு வரி எழுதச் சொல். அந்த நீளக் கை உடையைப் பற்றி நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

கன்னத்தில் ஒரு கிள்ளோடு,
சித்தி


ஜூன் 28

அன்புள்ள சித்திக்கு,

நலமா? அம்மா எழுதவில்லை, கை ஒழியவில்லையாம்.

கெடாதது எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நோட்டில் ஓர் அட்டவணை போட்டேன். நாற்பத்தாறு வரிசை, பதினொரு கட்டம். தண்ணீர், மின்சாரம், சத்தம், உத்தரவாதம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். முதல் மூன்று மெஷின்களுக்கும் ஒரே மதிப்பெண் வந்தது. மறுபடி கூட்டினால் ஐந்துக்கு ஒரே மதிப்பெண்.

நேற்று நான்காவது முறையாகக் கடைக்குப் போனோம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நீயே சொல்லு. நான் எதுவும் சொல்லப் போறதில்ல.”

அம்மா ஒன்றைக் காட்டினாள்.

“அதுவா? ஏன்?”

“சின்னதா இருக்கு. இடம் அடைக்காது.”

“அப்போ போர்வையை எங்கே போடுவே? என் தலையிலயா?”

அம்மாவின் விரல் பக்கத்து மெஷினுக்குப் போனது. பிறகு அதற்கும் பக்கத்துக்கு.

“பாருங்க சார், விரல் ஊர்வலம் போகுது” என்றார் அப்பா. விற்பனையாளர் சிரித்தார். அப்பாவும் சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அன்பாகத் தெரிந்திருக்கும். பேருந்து நிறுத்தம் வரை அந்தக் கையை விடவே இல்லை. அந்தக் கையின் சுண்டுவிரல் இப்போது

(இந்த இடத்தில் இரண்டு வரியை அடிக்கச் சொன்னாள் அம்மா. அடித்துவிட்டேன்.)

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சித்தி. நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்.

முட்டைக்கண்ணி


ஜூலை 3

கொழுந்தியாளுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். என் மகளுக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவள் உனக்கு எழுதியதையும் தபாலில் சேர்க்கும் முன் படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது. கற்பனை அதிகம்.

உன் அக்காவுக்கு எதையும் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. பழக்கினால்தான் வரும். நான் பழக்குகிறேன். இதில் வெளியாட்களுக்கு வேலை இல்லை. இனி எழுதுவதானால் பொதுவான விஷயங்களை மட்டும் எழுதவும்.

உன் குதிகாலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்


ஜூலை 14

அன்புள்ள சித்திக்கு,

நலமா? இனி உங்கள் பதிலை என் பள்ளி நூலக முகவரிக்கு அனுப்புங்கள். நூலகரிடம் சொல்லிவிட்டேன். “உஷ்” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார் என்பதால் நாங்கள் அவரை உஷ் மிஸ் என்போம். காரணம் கேட்காமல் தலையாட்டினார். இந்தக் கடிதத்தையும் நூலக மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மெஷின் வந்துவிட்டது. முன்னால் திறப்பது, ஏழு கிலோ. கடைசியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டுதான் விரலை நீட்டினாள். நான் பார்த்தேன்.

பொருத்திக்கொடுக்கக் கடை ஆள் பையோடு வந்தார். “சார், ஓட்டறதுக்கு முன்னாடி பின்பக்கம்...” என்று ஆரம்பித்தார்.

“தம்பி, இருபது வருஷமா போல்ட்டும் நட்டும்தான் எனக்குச் சாப்பாடு. எனக்கே பின்பக்கம் காட்டறியா?” என்று அப்பா கதவைச் சாத்தினார்.

குழாயை அவரே பொருத்தினார். துவைக்கும் வரை நன்றாகத்தான் இருந்தது. பிழிய ஆரம்பித்ததும் மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது, சித்தி. குதித்தது. குளியலறைக்குள் நடந்தது. சுவரை இடித்து இரண்டு ஓடுகளை உடைத்தது. குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் கூரை வரை அடித்தது. வீடு முழுக்க லாரி ஓடுவது மாதிரி சத்தம்.

“நீ காட்டினதுதானே? நீயே நிறுத்து” என்று அப்பா அம்மாவை உள்ளே தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். பிழியும் சுற்று பதினெட்டு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். அம்மா கூப்பிட்டாளா என்பதுகூட அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. திறந்தபோது அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் தோலே இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் துவைக்கிறோம். மூன்று நாளும் இதே கதைதான். மெஷினுக்கு என்ன கோளாறு என்று தெரிந்தால் எழுதுங்கள். அவசரம்.

முட்டைக்கண்ணி


ஜூலை 18

என் கண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை. மெஷினில் கோளாறே கிடையாது.

லாரியில் வரும்போது உள்ளே இருக்கும் உருளை ஆடக்கூடாது என்று பின்பக்கம் நான்கு நீள போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அவற்றைக் கழற்றுவதுதான். கழற்றாமல் ஓட்டினால் அப்படித்தான் குதிக்கும். கடை ஆள் வாயைத் திறந்ததே அதைச் சொல்லத்தான்.

அக்கா தேர்ந்தெடுத்தது நல்ல மெஷின். இதை அக்காவிடம் மட்டும் சொல். உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். உன்னால் வாயை அடக்க முடியாது என்று தெரியும், ஆனாலும் அடக்கு.

ஒவ்வொரு வாரமும் எழுது. நலம் என்று மட்டும் எழுதாதே.

சித்தி


ஜூலை 26

சித்திக்கு,

நலம்.

மெஷின் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது. நீங்கள் சொன்னது சரி.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறோம்.

என்னிடம் சைக்கிள் இல்லை.

மு.


ஜூலை 31

கண்ணே,

என்ன நடந்தது? எலும்பா? டாக்டரிடம் காட்டினீர்களா? அக்கா எப்படி இருக்கிறாள்? இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு. ஒரு வார்த்தை போதும்.

சித்தி


ஆகஸ்ட் 9

பத்து நாளாகப் பதில் இல்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரிடம் மிக்சி காட்டும்போது, மூடி போடாமலே ஓட்டிவிட்டேன். முதலாளி திட்டினார், காதில் விழவில்லை. இன்னும் இரண்டு வாரம் பார்ப்பேன். பிறகு நேரில் வந்து நிற்பேன். உன் அப்பா படித்தாலும் படிக்கட்டும்.

சித்தி


ஆகஸ்ட் 19

அம்மணி அவர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளி நூலகர். நாம் சந்தித்ததில்லை. உங்கள் அக்கா மகள் பதினாறு நாள் பள்ளிக்கு வரவில்லை. இன்று வந்து, மதிய இடைவேளை முழுக்க என் மேசையில் உட்கார்ந்து இத்துடன் உள்ள கடிதத்தை எழுதினாள். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். இனி யாரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள், பேசுகிறேன். நான் நிறையப் பேசுகிறவள் இல்லை. அதனால் சொன்னால் கேட்பார்கள்.

நூலகர்


அதே நாள்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்லச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அம்மா மேல் தப்பில்லை என்பது கணக்கு மாதிரி தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். நோட்டில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா கோபப்படவில்லை. எழுந்து போய் ஸ்பேனரால் நான்கையும் கழற்றி, துடைத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். மெஷினை ஓடவிட்டு வந்து உட்கார்ந்தார். அது பூனை மாதிரி ஓடியது.

“எண்ணு.”

“நாலு.”

“போல்ட்டைப் பத்தி எனக்கே பாடம். நல்லா எழுதியிருக்கே. எந்தக் கையால எழுதினே?”

நான் வலது கையைக் காட்டினேன். உண்மையிலேயே பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

ஸ்பேனரின் முதல் அடியில் மணிக்கட்டுக்கு மேல் எலும்பு நகர்ந்தது. தோலுக்கு மேலேயே தெரிந்தது. இரண்டாவது அடிக்கு அம்மா குறுக்கே விழுந்தாள். அது அவள் தோளில் பட்டது. மூன்றாவதும் நான்காவதும் அவளுக்குத்தான். மெஷின் சத்தம் போடாததால் எங்கள் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அந்த வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டினார்.

“ஒண்ணுமில்லீங்க, வாஷிங் மெஷின் ரிப்பேர்” என்று அப்பா வாசலில் நின்று சொன்னார். ஸ்பேனர் கையிலேயே இருந்ததால் அத்தை நம்பிவிட்டார். சைக்கிள் கதையைச் சொல்லிக் கைக்குக் கட்டுப் போட்டார்கள்; பள்ளியில் கேள்விகள் வந்ததும் அப்பா என்னை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், சித்தி. நாற்பத்தாறில் சரியான மெஷின் ஒன்று இருந்திருந்தாலும், எங்கள் வாசலைத் தாண்டியதும் அது தப்பான மெஷின் ஆகியிருக்கும். என் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

இப்போது பிரிட்ஜ் முனகுகிறது என்கிறார் அப்பா. அறுபது மாதிரிகள் உள்ள புத்தகம் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். “உங்கம்மாவுக்கு இனிமே வராது. இந்தத் தடவை நீ காட்டு” என்று என்னிடம் தந்தார். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பாத்திரம் விழவில்லை, எதுவும் இல்லை. ஆனால் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் என் தலையை வாரிவிடும்போது, “உன் சித்திக்கு எழுது. எல்லாத்தையும் எழுது. எதையும் அடிக்காதே” என்றாள்.

முட்டைக்கண்ணி


ஆகஸ்ட் 23

அக்கா,

நூலகர் வழியாக இது உன் கைக்கு வரும். படித்ததும் கிழித்துவிடு.

பிரிட்ஜ் வாங்க எந்தச் சனிக்கிழமை, எந்தக் கடை, எத்தனை மணி என்று மட்டும் எழுது. நான் அங்கே இருப்பேன். எல்லா வீட்டுப் பொருள் கடைக்கும் பின்னால் ஒரு கிடங்கு உண்டு, கிடங்குக்கு லாரி நிற்கும் கதவு உண்டு. எந்தக் கடையானாலும் என்னோடு விற்பனைப் பயிற்சிக்கு வந்தவள் ஒருத்தி அங்கே இருப்பாள். கதவைத் திறந்து வைப்பாள். மாமா விற்பனையாளரைக் கேள்வி கேட்டே அரை மணி நேரம் நிறுத்திவைப்பாரே, அந்த நேரம் நமக்குப் போதும்.

துணிமணி எதுவும் எடுக்காதே. பை கனத்தால் சந்தேகப்படுவார்.

தங்கை


ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இந்த முறை எழுதவில்லை.

வரும் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. நாங்கள் முதலில் போன அதே கடை. இரண்டாவது மாடி.

தப்பினால் இரண்டு பேரும். இல்லையென்றால் அவளை மட்டுமாவது இழுத்துக்கொண்டு ஓடு. என்னைத் திரும்பிப் பார்க்காதே.

அக்கா


செப்டம்பர் 21

மதிப்பிற்குரிய மிஸ்ஸுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நூலகத்தில் மின்விசிறி மாற்றிவிட்டார்களா? என் கைக்கட்டு பிரித்தாகிவிட்டது. விரல்கள் மடங்குகின்றன. எழுத்து இன்னும் தள்ளாடுகிறது.

நடந்ததை நீங்கள் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தக் கடையில் பிரிட்ஜுகளை இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தி நடுவில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். சந்தின் கடைசியில் கிடங்குக் கதவு. கதவோரத்தில் சித்தி ஓர் அட்டைப் பெட்டியைப் படிப்பது மாதிரி நின்றார். அப்பா ஒரு பிரிட்ஜைத் திறந்து, உள்ளே கையை விட்டு, “இந்தக் கதவு ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் தோளைத் தொட்டாள். பத்து அடி நடந்திருப்போம்.

“எங்கே கிளம்பிட்டீங்க? வந்து காட்டிட்டுப் போ.”

நான் திரும்பி வந்தேன். ஓடியிருக்கலாம், கால் திரும்பிவிட்டது. அம்மாவும் என் பின்னாலேயே வந்தாள். இடது கையை நீட்டினேன்.

“வலது கை.”

கட்டுப் போட்ட கையைத் தூக்கினேன். எல்லாம் வெள்ளையாக இருந்தது. எதைக் காட்டினாலும் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் எதையும் காட்ட முடியவில்லை. அப்பா கட்டோடு சேர்த்து என் கையைப் பிடித்து, நான் காட்ட வேண்டிய பக்கம் திருகினார். நான் கத்தினேன். அவருடைய இன்னொரு கை அப்போதும் பிரிட்ஜின் விளிம்பில்தான் இருந்தது.

அம்மா கதவைச் சாத்தினாள்.

முழு உடம்பையும் கொடுத்துச் சாத்தினாள், மிஸ். சுள்ளி முறிவது மாதிரி கேட்டது. கதவைத் திறந்து மறுபடியும் சாத்தினாள். மூன்றாவது முறை சாத்தியபோது அவர் என்னை விட்டிருந்தார், ஏற்கெனவே தரையில் இருந்தார். அப்படியும் சாத்தினாள். விற்பனையாளர், “மேடம், அது காட்சிக்கு வெச்சது, மேடம்!” என்று கத்தினார்.

நாங்கள் ஓடினோம். கிடங்கின் பாதியில் அப்பா எங்களைப் பிடித்துவிட்டார். உடையாத கையால் சித்தியின் தலையைப் பிடித்து, சாமான் அடுக்கும் இரும்புத் தட்டில் மோதினார். சித்தியின் நெற்றியில் ஆறு தையல். பிறகு சுமை தூக்குபவர்கள் மூன்று பேர் தாங்கள் தூக்கி வந்த அலமாரியை அப்படியே வழியில் இறக்கி, அவருக்கும் எங்களுக்கும் நடுவே நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது சித்தியின் ஒற்றை அறையில் மூவர் இருக்கிறோம். துணியைக் கையால்தான் துவைக்கிறோம். ஊருக்கெல்லாம் மெஷின் விற்கிறவரிடம் ஒரு மெஷின் இல்லை. அம்மா தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் எந்தக் கதவையும் அவள் சாத்துவதில்லை. நான் எழுந்து போய்ச் சாத்துகிறேன். நேற்று கடைக்காரர் சோப்புகளை அவள் முன்னால் பரப்பிவைத்து எது வேண்டும் என்றதும், அம்மா ஓரடி பின்னால் போனாள். “எதும்மா?” என்று நான் கேட்டதற்கு என்னைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, அறைந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். இதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

அப்பா வழக்குப் போட்டிருக்கிறார். நாங்களும் போட்டிருக்கிறோம். அம்மா மேல் தப்பா இல்லையா என்று தீர்மானிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். போன வாரம் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். விசாரித்த பெண் அதிகாரி என்னைத் தனியாக உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்தால் நான் அவளுக்காகச் சொல்கிறேன் என்று ஆகிவிடுமோ என்று பயந்து அப்படி இருந்தாள்.

“அவசரம் இல்லைம்மா. நல்லா யோசிச்சு சொல்லு. நீ அப்பாகூட இருக்கப் போறியா, இல்ல...”

அவர் முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். எழுதிக்கொள்ளத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.

நீங்கள் பேசியதற்கு நன்றி, மிஸ். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவி,
முட்டைக்கண்ணி